ஓஐஜி செக்: கையால் தேடுவதா, ஸ்கிரிப்ட் எழுதுவதா, சேவை வாங்குவதா?

போன வாரம் திருச்சி அலுவலகத்திலிருந்து போன். எங்கள் கிரெடென்ஷியலிங் குழுவில், அதாவது டாக்டர்கள், நர்ஸ்களின் தகுதிகளைச் சரிபார்க்கும் குழுவில், புதிதாகப் பொறுப்பேற்ற பெண். "அண்ணா, மாசா மாசம் ஓஐஜி செக்குக்கே மூணு நாள் போயிடுது. ஸ்கிரிப்ட் போட்டுடலாமா, இல்ல கிளையண்ட்கிட்ட சொல்லி ஒரு வெண்டரை எடுக்கச் சொல்லலாமா?" என்று கேட்டார். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. சென்னை, திருச்சி, கோவை என்று அமெரிக்க மருத்துவமனைகளுக்கு பில்லிங், கிரெடென்ஷியலிங் செய்யும் எல்லா அலுவலகங்களிலும் இந்தக் கேள்வி இருக்கும் என்பதால் மீதியை இங்கே எழுதுகிறேன்.

புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. ஓஐஜி என்பது அமெரிக்க சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம். மெடிகேர், மெடிகெய்ட் போன்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களிலிருந்து விலக்கப்பட்டவர்களின் பட்டியலை அது வைத்திருக்கிறது. எல்இஐஇ என்று அதைச் சொல்வோம். ஊழியர்களின் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் ஓஐஜி செக். அரசுத் திட்டத்தில் மோசடி செய்தோ நோயாளியைக் கொடுமைப்படுத்தியோ தண்டனை பெற்றவரைக் கட்டாயமாக விலக்க வேண்டும், அதுவும் குறைந்தது 5 ஆண்டுகளுக்கு. உரிமம் பறிபோனது போன்ற காரணங்களில் விலக்குவதா வேண்டாமா என்பதை ஓஐஜியே தீர்மானிக்கும். காலம் முடிந்தாலும் பெயர் தானாக நீங்காது. அவரே விண்ணப்பித்து மீண்டும் அனுமதி வாங்க வேண்டும்.

விலக்கப்பட்ட ஒருவர் தொட்ட எந்தச் சேவைக்கும் அரசுத் திட்டங்கள் பணம் தராது. அவரை வேலைக்கு வைத்துக்கொண்டு பில் அனுப்பினால் அபராதம். ஒரு சேவைக்கு 10,000 டாலர் வரை என்று இருந்த வரம்பை 2018இல் 20,000 ஆக்கினார்கள். பணவீக்கத்துக்கு ஏற்ப அது ஆண்டுதோறும் ஏறுகிறது. அதோடு, பில் செய்த தொகையைப் போல மூன்று மடங்கு வரையும் கேட்கலாம். "எனக்குத் தெரியாது" என்பது மட்டும் போதாது; தெரிந்திருக்க வேண்டியதுதானே என்று சட்டம் கேட்கும்.

இது டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் மட்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 2013 மே மாதம் ஓஐஜி வெளியிட்ட சிறப்பு அறிக்கை, நிர்வாக வேலையும் தடைக்குள் வரும் என்கிறது. ஒப்பந்தத்தில் வருகிறவர்களில் யாரைக் கவனமாகச் சரிபார்க்க வேண்டும் என்பதற்கு அது தரும் உதாரணங்களில் ஏஜென்சி நர்ஸ்களோடு பில்லிங், கோடிங் (சிகிச்சைகளுக்குக் குறியீடு போடும் வேலை) ஒப்பந்ததாரர்களும் இருக்கிறார்கள். அதாவது நாம். மெடிகேர் அட்வான்டேஜ் (தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர்) திட்டங்களுக்கு வேலை செய்யும் நிறுவனம் என்றால், தன் ஊழியர்களை வேலைக்குச் சேர்க்கும் முன்பும் பிறகு மாதந்தோறும் எல்இஐஇயிலும், அரசு ஒப்பந்தங்களிலிருந்து தடை செய்யப்பட்டவர்களின் பட்டியல் உள்ள சாம் என்ற அரசுத் தளத்திலும் சரிபார்த்தாக வேண்டும். நாம் கிளையண்டின் டாக்டர்களைத் தேடிக்கொண்டிருக்கும் அதே வாரத்தில் நம் பெயர்களையும் யாரோ தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

கையால் தேடுவது

ஓஐஜி தளத்தில் ஒரு முறைக்கு 5 பெயர்கள் வரை தேடலாம். திருச்சிக் குழுவின் கிளையண்டிடம் 300 பேர் என்று வைத்துக்கொள்வோம். திருமணத்துக்கு முந்தைய பெயர், வேறு எழுத்துக்கூட்டு எல்லாம் சேர்த்தால் 420 பெயர் வரும். 84 தேடல். ஒவ்வொன்றுக்கும் திரையைப் படம் பிடித்துச் சேமிக்க இரண்டு நிமிடம் என்றாலும் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மூன்று நாள் ஆகிறதே, ஏன்? சாம் தளமும் மாநிலப் பட்டியல்களும் ஒரு பங்கு. வந்த சந்தேகப் பெயர்களைத் தீர்ப்பதுதான் பெரும் பங்கு. எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த இரண்டாவது வேலை கூடவே வரும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

50 பேருக்குக் குறைவான கிளினிக் என்றால் கையால் தேடுவதில் ஒரு குறையும் இல்லை என்பேன். தளத்தில் தேடும்போது ஒரு பெரிய வசதி உண்டு: பெயர் பொருந்தினால் அங்கேயே அமெரிக்காவில் ஆளுக்கு ஒன்றாகத் தரப்படும் சமூகப் பாதுகாப்பு எண்ணைப் போட்டு அது இவர்தானா என்று உறுதி செய்யலாம். பெயரையும் தேதியையும் மட்டும் வைத்து இவ்வளவு திட்டவட்டமான பதில் கிடைக்காது. கையால் தேடுவதன் ஆபத்து வேறு: 40ஆவது தேடலுக்கு மேல் கண் சோர்ந்துவிடும். பெயரின் முதல் சில எழுத்துகளை மட்டும் கொடுத்துத் தேடினால்தான் எழுத்துக்கூட்டு மாறியவர்கள் சிக்குவார்கள். சோர்ந்த கை முழுப் பெயரையும் ஒட்டிவிட்டு "முடிவு இல்லை" என்பதைப் படம் பிடித்துப் போய்விடும்.

சொந்த ஸ்கிரிப்ட்

எல்இஐஇ முழுவதையும் ஒரே கோப்பாகத் தரவிறக்கலாம். மாதம் ஒரு முறை புதுப்பிக்கிறார்கள். 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரிகள் இருந்தாலும் கோப்பு சிறியதுதான். சாதாரண லேப்டாப்பில் பைத்தான் வைத்து நிமிடங்களில் ஒப்பிட்டுவிடலாம். அந்த மாதம் சேர்ந்தவர்கள், நீங்கியவர்கள் என்று தனிச் சிறு கோப்புகளும் உண்டு. அவற்றை மட்டும் வைத்து ஓட்டலாமே என்று தோன்றும். வேண்டாம். நடுவில் ஒரு மாதம் விட்டுப்போனாலோ, புதிதாக ஒருவர் வேலைக்குச் சேர்ந்தாலோ கணக்கு உடைந்துவிடும். ஒவ்வொரு மாதமும் முழுக் கோப்பு, முழு ஊழியர் பட்டியல்.

ஸ்கிரிப்ட் எழுதும் அளவுக்கு ஆள் இல்லை, எக்ஸெல்லே போதும் என்பவர்களைத் தடுத்து நிறுத்த விரும்புகிறேன். அந்தக் கோப்பில் பிறந்த தேதி 19720805 என்ற மாதிரி எட்டு இலக்கமாக இருக்கும். அஞ்சல் குறியீட்டின் முன்னால் உள்ள பூஜ்யத்தை எக்ஸெல் விழுங்கிவிடும். நியூ ஜெர்சியில் எல்லாக் குறியீடும் பூஜ்யத்தில்தான் தொடங்கும். இன்னும் மோசமானது என்பிஐ, அதாவது அமெரிக்க மருத்துவச் சேவையாளர்களுக்குத் தரப்படும் பத்து இலக்க அடையாள எண். பட்டியலில் உள்ள பெரும்பாலான வரிகளில் என்பிஐ கிடையாது. அந்த இடத்தில் பத்துப் பூஜ்யம்தான். நம் பட்டியலிலும் என்பிஐ இல்லாத ஊழியருக்கு யாராவது பூஜ்யம் போட்டு வைத்திருந்தால், எக்ஸெல்லில் ஒப்பிட்டுத் தேடும் வீலுக்கப் அவர்கள் எல்லோரையும் விலக்கப்பட்டவர்கள் என்று காட்டும். தலைகீழாகவும் நடக்கும்: என்பிஐ பொருந்தவில்லை, ஆகவே சரி என்று முடிவு கட்டிவிடுவார்கள். என்பிஐ பொருந்தினால் அது வலுவான சான்று. பொருந்தாவிட்டால் அதற்கு எந்த அர்த்தமும் இல்லை.

அப்புறம் பெயர். இங்கேதான் நமக்கு வெளியிலிருந்து வரும் எந்தக் கருவியையும்விட அதிகம் தெரியும்.

ஒலியை வைத்துப் பெயர்களைச் சேர்க்கும் சவுண்டெக்ஸ் முறை அமெரிக்காவில் 1918இல் காப்புரிமை பெற்றது. இன்றும் பல கருவிகளுக்குள் அது இருக்கிறது. ஆங்கிலத்தில் சுப்ரமணியன் என்பதன் கடைசி எழுத்து 'என்' ஆனாலும் 'எம்' ஆனாலும் அது ஒன்றாகவே பார்க்கும். லட்சுமியை 'கேஎஸ்எச்' போட்டு எழுதினாலும் 'எக்ஸ்' போட்டு எழுதினாலும் ஒரே குறியீடுதான். நல்லது. ஆனால் முதல் எழுத்தை அது அப்படியே வைத்துக்கொள்ளும். சந்திரனைத் தமிழ்நாட்டுக்காரர் 'சி'யில் தொடங்கி எழுதுவார், யாழ்ப்பாணத்துக்காரர் 'எஸ்'ஸில் தொடங்கி எழுதுவார். சவுண்டெக்ஸுக்கு இவர்கள் இருவரும் வேறு வேறு ஆட்கள். எழுத்து மாற்றங்களை எண்ணும் லெவன்ஷ்டைன் முறையில் இந்த இரண்டு எழுத்துக்கூட்டுக்கும் இடையே 5 மாற்றங்கள் வரும். எட்டு ஒன்பது எழுத்துப் பெயரில் 5 மாற்றத்தை அனுமதித்தால் ஊரில் உள்ள பாதிப் பெயர் வந்து விழும்.

எழுத்துக்கூட்டைவிடப் பெரிய சிக்கல், எது முதல் பெயர், எது கடைசிப் பெயர் என்பது. நம் ஊரில் தலைப்பெழுத்து. பாஸ்போர்ட் எடுக்கும்போது அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிடும். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் அங்கே வந்து உட்காரும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் அமெரிக்க விசாவில் அது குடும்பப் பெயராகி, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' என்று அடிப்பார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று பொருள். அதையே பெயராக நினைத்து மனிதவள மென்பொருளில் ஏற்றிவைத்த பட்டியல்களை நான் பார்த்திருக்கிறேன். முதல் பெயரை முதல் பெயரோடு, கடைசிப் பெயரைக் கடைசிப் பெயரோடு மட்டும் ஒப்பிடும் ஸ்கிரிப்ட் நம் ஆட்கள் விஷயத்தில் கண் மூடிக்கொண்டு நடக்கிறது.

ஆகவே பெயருக்கு மதிப்பெண் போட்டு 85க்கு மேல் இருந்தால் காட்டு என்கிற ஒற்றை விதியை நான் நம்புவதில்லை. மூன்று வலை விரிப்பேன். ஒன்று, பூஜ்யங்களை ஒதுக்கிவிட்டு என்பிஐ பொருத்தம். இரண்டாவது, பிறந்த தேதி அச்சாக ஒத்துப்போய், பெயரின் ஏதாவது ஒரு துண்டு, எந்த இடத்தில் இருந்தாலும், ஒலியில் நெருங்கினால் போதும். இந்த இரண்டாவது வலையில்தான் உண்மையான மீன் விழும். மூன்றாவது, பிறந்த தேதியைப் பார்க்காமல் முழுப் பெயர் பொருத்தம். எங்காவது தேதி தவறாகப் பதிவாகியிருந்தால் இதுதான் காப்பாற்றும். தேதி தவறுவதற்கு நம் பக்கமே ஒரு நிரந்தரக் காரணம் இருக்கிறது: ஆகஸ்ட் 5ஐ நாம் 05/08 என்று எழுதுவோம், அமெரிக்காவில் அதை மே 8 என்று படிப்பார்கள். அதனால் இரண்டாவது வலையை நாளும் மாதமும் இடம் மாற்றி இன்னொரு முறை ஓட்ட வேண்டும்.

இதற்குத் தேவையான கருவிகள் எல்லாம் இலவசம். பெயர் ஒப்பீட்டுக்கு ரேபிட்ஃபஸ் போதும். பல புலங்களுக்குச் சேர்த்து நிகழ்தகவு கணக்கிட வேண்டுமென்றால் பிரிட்டன் நீதித்துறை அமைச்சகம் உருவாக்கித் திறந்துவிட்ட ஸ்ப்ளிங்க் இருக்கிறது. ஆனால் 300 பேர் பட்டியலுக்கு அது தேவையே இல்லை. ஸ்கிரிப்ட் எழுதத் தெரியாத குழுவுக்கு ஓப்பன்ரிஃபைன் நல்ல துணை, குறிப்பாக ஊழியர் பட்டியலைச் சுத்தம் செய்ய.

ஸ்கிரிப்ட் வழியில் யாரும் சொல்லாத ஒரு கடமை உண்டு. எல்இஐஇ கோப்பில் இன்றைக்கு விலக்கத்தில் இருப்பவர்கள் மட்டுமே இருப்பார்கள். மீண்டும் அனுமதி பெற்றவரின் வரி காணாமல் போய்விடும். மூன்று ஆண்டு கழித்துத் தணிக்கையில் வந்து, "அந்த மார்ச் மாதம் நீங்கள் எந்தப் பட்டியலோடு ஒப்பிட்டீர்கள்?" என்று கேட்டால் காட்டுவதற்கு அந்த மாதக் கோப்பு உங்களிடம் இருக்க வேண்டும். மெடிகேர் அட்வான்டேஜ் வேலை என்றால் ஆவணங்களை 10 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் தரவிறக்கிய கோப்பு, அன்றைய ஊழியர் பட்டியல், ஸ்கிரிப்ட்டின் முடிவு, யார் பார்த்து என்ன காரணத்தால் தீர்த்தார் என்ற குறிப்பு. நான்கையும் ஒரே கோப்புறையில் போட்டு, பிறகு யாரும் மாற்ற முடியாதபடி பூட்டிவிடுங்கள்.

சேவை வாங்குவது

புரொவைடர்டிரஸ்ட், ஸ்ட்ரீம்லைன் வெரிஃபை, வெரிசிஸ் போன்ற நிறுவனங்கள் இதையே தொழிலாகச் செய்கின்றன. இவர்களை நாடுவதற்கு உண்மையான காரணம் எல்இஐஇ அல்ல. மாநிலங்கள்தான். 40க்கும் மேற்பட்ட மாநிலங்கள் தங்கள் மெடிகெய்ட் திட்டத்துக்கென்று தனி விலக்குப் பட்டியல் வைத்திருக்கின்றன. டெக்சாஸ், நியூயார்க், கலிஃபோர்னியா போன்ற பெரிய மாநிலங்களின் பட்டியலைத் தரவிறக்கி எளிதாகச் சேர்த்துவிடலாம். சில மாநிலங்கள் பிடிஎஃப் மட்டும்தான் தரும். பிறந்த தேதியே இருக்காது. நேற்று இருந்த பக்க அமைப்பு இன்று இருக்காது. ஒரு மாநிலத்தில் மெடிகெய்ட் அனுமதியை இழந்தவரை மற்ற மாநிலங்களும் நீக்க வேண்டும் என்று ஒபாமா காலச் சுகாதாரச் சட்டம் சொல்கிறது. ஆகவே கிளையண்ட் ஒரே மாநிலத்தில் இருந்தாலும், வேறு மாநிலத்தில் வேலை பார்த்துவிட்டு வந்த நர்ஸுக்கு அந்த மாநிலப் பட்டியலும் முக்கியம். இதை ஒரு சிறு குழு ஸ்கிரிப்ட் எழுதிப் பராமரிப்பது, சரி, முடியும்தான். ஆனால் அந்த ஆளுக்கு வேறு வேலை கொடுக்க முடியாது.

சாம் தளத்திலும் சேவை நிறுவனம் கை கொடுக்கும். அது மருத்துவத்துக்கு மட்டுமான பட்டியல் அல்ல. அரசு ஒப்பந்தங்களிலிருந்து தடை செய்யப்பட்ட எல்லாத் துறையினரும் அதில் இருக்கிறார்கள். பொதுவில் கிடைக்கும் கோப்பில் பிறந்த தேதி கிடையாது. பெயரும் ஊரும்தான். நம் பெயர்களை அதில் தேடினால் சந்தேகங்கள் குவியும், தீர்க்க வழி குறைவு.

இடைப்பட்ட வழி ஒன்றும் உண்டு. ஓப்பன்சாங்ஷன்ஸ் என்ற திட்டம் எல்இஐஇ, சாம், பல மாநில மெடிகெய்ட் பட்டியல்கள் ஆகியவற்றை ஒரே வடிவத்தில் சேர்த்துத் தருகிறது. வணிகப் பயன்பாட்டுக்கு உரிமம் வாங்க வேண்டும். ஸ்கிரிப்ட் எழுதும் கையும் இருக்கிறது, பிடிஎஃப்போடு மல்லுக்கட்ட நேரம் இல்லை என்ற குழுவுக்கு இதைப் பரிசீலிக்கச் சொல்வேன்.

சேவை நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி எத்தனை பட்டியல்களைப் பார்க்கிறோம் என்ற எண்ணோடுதான் பேச்சைத் தொடங்குவார். நீங்கள் கேட்க வேண்டியது வேறு. பெயர் பொருந்தியதும் அதை அப்படியே நம் தலையில் கொட்டுவார்களா, அல்லது சமூகப் பாதுகாப்பு எண் வரை சரிபார்த்துத் தீர்த்த பிறகு தருவார்களா? தீர்த்ததற்கான சான்றை நம் கையில் கொடுப்பார்களா? ஒப்பந்தம் முடிந்தால் பழைய ஆண்டுகளின் பதிவுகள் என்ன ஆகும்? ஏனென்றால் வேலையை வெளியே கொடுத்தாலும் பொறுப்பு கிளையண்டோடுதான் நிற்கும் என்று அதே 2013 அறிக்கை தெளிவாகச் சொல்கிறது.

பணம் கட்டும் முன் ஒரு சோதனை செய்யச் சொல்வேன். பொதுப் பட்டியலிலிருந்தே 20 வரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். சிலவற்றில் முதல் பெயரையும் கடைசிப் பெயரையும் மாற்றுங்கள். சிலவற்றில் ஒரு எழுத்தை மாற்றுங்கள். சிலவற்றில் நாளையும் மாதத்தையும் இடம் மாற்றுங்கள். இவற்றை உங்கள் ஊழியர் பட்டியலுக்குள் கலந்து கொடுத்துவிட்டு எத்தனை திரும்பி வருகிறது என்று பாருங்கள். சொந்த ஸ்கிரிப்ட்டுக்கும் இதே சோதனைதான். நான் முதலில் எழுதிய ஸ்கிரிப்ட் 20இல் 11ஐத்தான் பிடித்தது. மேலே சொன்ன மூன்று வலை அதற்குப் பிறகு வந்ததுதான்.

தீர்ப்பது யார்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கிளையண்டின் நர்ஸ் பெயர் விலக்குப் பட்டியலில் உள்ள ஒரு பெயரோடு பொருந்தியது. முதல் பெயரும் கடைசிப் பெயரும் அப்படியே ஒன்று. பிறந்த ஆண்டும் ஒன்று, நாள் மட்டும் வேறு. சமூகப் பாதுகாப்பு எண் எங்களிடம் கிடையாது. பல கிளையண்ட் ஒப்பந்தங்கள் அதைக் கடல் தாண்டி அனுப்பவே விடாது, அது சரியும்கூட. அங்கே அந்த எண்ணைப் பார்க்கும் அனுமதி இருந்த ஒரே அலுவலர் விடுப்பில் போயிருந்தார். ஒன்பது நாள் அந்த நர்ஸுக்கு ஷிஃப்ட் போடவில்லை. பத்தாம் நாள் ஓஐஜி தளத்தில் எண்ணைப் போட்டுப் பார்த்தார்கள். அவர் இல்லை. அந்த ஒன்பது நாள் சம்பளத்தை அவருக்குக் கொடுத்தார்களா என்று நான் இரண்டு முறை மின்னஞ்சலில் கேட்டேன், பதில் வரவில்லை. இன்னும் அது எனக்கு உறுத்துகிறது.

அதனால்தான் கருவியை வைத்து மட்டும் இந்த முடிவை எடுக்காதீர்கள் என்கிறேன். பொருந்தும் பெயரைக் கண்டுபிடிப்பது மலிவான வேலை, எந்த வழியிலும். அது அவர்தானா என்று தீர்ப்பவர் யார், எத்தனை மணி நேரத்துக்குள், எந்தச் சான்றை வைத்து என்பதில்தான் வழிகள் வேறுபடுகின்றன. அமெரிக்காவில் உள்ள சேவை நிறுவனத்துக்குக் கிளையண்ட் நேரடியாக எண்ணைக் கொடுத்துவிட்டால் அங்கேயே தீர்ந்துவிடும். இதுதான் அவர்களுடைய உண்மையான பலம். நம் ஸ்கிரிப்ட் என்றால் கிளையண்ட் பக்கம் ஒருவர், அவர் இல்லாதபோது இன்னொருவர், இரண்டு பெயர்களும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டு வேலை நாளுக்குள் பதில். அதுவரை சந்தேகத்துக்குரியவரின் பில்லை மட்டும் நிறுத்தி வைத்து, அவருடைய சம்பளத்தில் கை வைக்காமல் இருக்கும்படி கேட்டு வாங்குங்கள்.

நம் ஊழியர்கள் விஷயம் இன்னும் சிக்கல், ஏனென்றால் சென்னையில் இருப்பவருக்கு அமெரிக்க சமூகப் பாதுகாப்பு எண்ணே கிடையாது. பெயர் பொருந்தினால் பிறந்த தேதி, முகவரி, பட்டியலில் உள்ளவரின் தொழில் இவற்றை வைத்துத்தான் தீர்க்க வேண்டும். பட்டியலில் இருப்பவர் ஒஹையோவில் உரிமம் பெற்ற மருந்தாளர், நம்மவர் அமெரிக்காவுக்கே போகாதவர் என்றால் அதை அப்படியே எழுதி, பாஸ்போர்ட் நகலின் குறிப்போடு கையெழுத்திட்டு வையுங்கள். "பொருந்தவில்லை" என்ற ஒற்றைச் சொல் தணிக்கையில் நிற்காது.

திருச்சிக்கு நான் சொன்ன பதில் இது. அந்தக் கிளையண்ட் நியூ ஜெர்சியிலும் நியூயார்க்கிலும் மட்டும் இருக்கிறது, 300 பேர். எல்இஐஇயையும் அந்த இரண்டு மாநிலப் பட்டியல்களையும் ஸ்கிரிப்ட்டில் போடலாம். சாம் தளத்துக்கும் மற்ற மாநிலங்களுக்கும் கிளையண்டே சேவை வாங்கட்டும், ஏஜென்சி நர்ஸ்கள் அதிகம் என்பதால் அது அவர்களுக்குத் தேவை. ஆள் எண்ணிக்கை 50க்குக் கீழே இருந்திருந்தால் கையாலேயே தொடரச் சொல்லியிருப்பேன். ஐந்தாறு மாநிலங்களில் ஆட்கள் இருந்திருந்தால் ஸ்கிரிப்ட் பேச்சே எடுக்காமல் முழுவதையும் சேவைக்குக் கொடுக்கச் சொல்லியிருப்பேன்.

ஸ்கிரிப்ட்டை அடுத்த மாதம் தொடங்கலாம். இந்த மாதம் முழுக்க ஊழியர் பட்டியலில் மூன்று பத்திகளை மட்டும் சரிசெய்யச் சொல்லியிருக்கிறேன்: பிறந்த தேதி ஒரே வடிவத்தில், பழைய பெயர்களுக்குத் தனிப் பத்தி, என்பிஐ இல்லாதவர்களுக்குப் பூஜ்யம் போடாமல் வெறுமையாக. 300 பேரில் 46 பேருக்குப் பிறந்த தேதியே இல்லை என்று நேற்று மெசேஜ் வந்தது. முதலில் அதைக் கிளையண்டிடம் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார் அந்தப் பெண்.